மின்சார நிலையத்துக்கு மனை பார்த்தல்

(சங்கத்தின் ஆண்டு விழாவிலே நிகழ்த்திய பேச்சு)



வீடு கட்ட எண்ணுகிறவன் முதலிலே காணி பார்க்கிறான். காணி பார்த்தபின் மனையடி சாத்திரம் அறிந்தவரை அழைத்து வந்து, வாசல் எத்திசை, கிணறு எம்மூலை, முற்றத்து நீர் எப்பக்கம் வழிந்தோடும் என்றெல்லாம் கேட்டறிகிறான். சாத்திரத்தில் நம்பிக்கையில்லாதவனுங்கூட, "ஐயா, மாரியிலே இந்தக் காணியில் வெள்ளம் நிற்குமோ?" என்று அயல்வீட்டுப் பெரியவரிடம் ஒரு வார்த்தை கேளாமல் அத்திவாரம் வெட்டமாட்டான். மிசன் பாடசாலையிற் படித்தவர்களாகிய எம்மிற் சிலர், மணலின்மேல் வீடு கட்டிய புத்தியீனனுடைய கதையைச் சிறுவயதிற் பலமுறை கேட்டிருக்கிறோம். அதுவும் காணி பார்க்கத் தெரியாதவனின் கதையேயாகும்.

நான்கு பரப்புக் காணியில் எழும் ஒரு வீட்டுக்கே இத்தனை விசாரணை வேண்டுமாயின், ஒரு மாகாணத்துக்கு வெளிச்சந் தரும் மின்சார நிலையத்துக்கு எத்தனை விசாரணை வேண்டும்! பெரிய மின்சார நிலையங்களுக்கு இடந் தெரியும்போது புயல், வெள்ளம், கடற்பெருக்கு முதலியவற்றால் வரக்கூடிய ஆபத்தை எவ்வாறு அளக்கிறார்கள், அளக்கத் தவறிய இடங்களில் என்ன நடந்தது என்பவற்றை இன்று உங்கள் முன்னிலையிற் சிறிது பேச எண்ணியுள்ளோம். விஞ்ஞான விஷயமென்று பெரியோர்கள் அஞ்ச வேண்டியதில்லை. இதில் முக்காற்பங்கு அவர்கள் ஏற்கனவே அறிந்தது.

மின்சார நிலையங்கள் பெரும்பாலும் ஆபத்து வரும் வழியிலேயே போய் நிற்கின்றன. இது அறியாமையால் நேர்வதன்று. நிலக்கரியை எரித்தாலும் அணுவைப் பிளந்தாலும், முடிவில் நடப்பது நீரைக் கொதிக்கவைத்து ஆவியாக்கி, அந்த ஆவியாற் சுழலியைச் சுற்றுவதே. சுற்றிக் களைத்த ஆவியை மறுபடி நீராக்குதற்குக் குளிர்ந்த நீர் ஓயாது வேண்டும். ஆகவே நிலையம் கடலையோ பேராற்றையோ தேடிப் போகிறது. நிலக்கரி கப்பலில் வருவதாயின் கரையை விட்டு நகரவே முடியாது. நமது நாட்டின் 900 மெகாவாற்று நிலக்கரி நிலையம் நுரைச்சோலைக் கடற்கரையில் நிற்பது இதனாலேதான். காற்றாலையோ காற்று ஓங்கி வீசும் வெளியைத் தேடுகிறது; நீர்மின் நிலையம் மழை கொட்டும் மலையைத் தேடுகிறது. அவ்விடமே வேண்டாமென்று சொல்ல வழியில்லாதபோது, அங்கே இயற்கையின் கை எவ்வளவு உயரம் எட்டும் என்று அறிந்து கட்டுவதே செய்யத்தக்கது.

அறிந்ததாக எண்ணிக் கட்டிய ஓரிடத்தின் கதையைச் சற்று விரிவாகச் சொல்வோம். பிரான்சு தேசத்திலே போர்தோ நகருக்கு வடக்கே, ஜிரோந்து என்னும் ஆறு அகன்று கடலோடு கலக்கும் கழிமுகத்திலே, பிளேயே என்ற அணுமின் நிலையம் இருக்கிறது. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 900 மெகாவாற்று ஆற்றலுள்ள 4 உலைகள். சதுப்பு நிலமாதலால் நிலையத்தைச் சுற்றி அணை கட்டினார்கள். ஆற்றைப் பார்த்த பக்கம் அணையின் உயரம் 5.2 மீற்றர்; பக்கவாட்டில் 4.75 மீற்றர். இவ்வுயரம் கண்மூடி வைத்ததன்று. மிகப் பெரிய வற்றுப்பெருக்கு எவ்வளவு ஏறும், புயல் தள்ளிவரும் நீர் அதன்மேல் எவ்வளவு ஏறும் என்று கூட்டிப் பார்த்து வைத்த உயரம்.

1999ஆம் ஆண்டு டிசம்பர் 27ஆந் திகதி இரவு மார்ட்டின் என்று பெயரிடப்பட்ட புயல் அக்கரையைத் தாக்கியது. கடற்கரையில் மணிக்கு 200 கிலோமீற்றர் வரையிற் காற்று வீசியது. கடற்பெருக்கும் அவ்வேளையில் ஏறிக்கொண்டிருந்தது. கழிமுகத்து நீர் உயர்ந்தது. அந்த நீரின் முதுகிலே காற்று அலை எழுப்பியது. நீர்மட்டம் எவ்வளவு உயரும் என்று கணக்குப் பார்த்தவர்கள் அந்த அலையைக் கணக்கிற் சேர்க்கவில்லை! அலைகள் அணையைத் தாண்டி உள்ளே விழுந்தன. விழுந்த நீர் நிலத்தின் கீழுள்ள சுரங்க வழிகளால் ஓடி, குழாய்களும் கம்பிகளும் சுவரைத் துளைத்துச் செல்லும் ஓட்டைகளால் நுழைந்து, பாதுகாப்புக்கென்றே வைத்திருந்த பம்பிகளை மூழ்கடித்தது. முதலாம் உலையைக் குளிர்விக்கும் நீரை அனுப்பும் 4 பம்பிகளில் 2 நின்றுபோயின. அபாய வேளையில் உலைக்குள் நீர் செலுத்துவதற்கென இருந்த பம்பிகள் முதலிரண்டு உலைகளிலும் பயனற்றுப் போயின. அதே இரவிலே வெளியிலிருந்து வரும் மின்கம்பிகள் சிலவும் அறுந்தன. உதவிக்கு ஆளனுப்பலாமென்றால் நிலையத்துக்குப் போகும் தெருவிலும் வெள்ளம்.

தெய்வாதீனமாக உலைகள் உருகவில்லை, கதிர்வீச்சும் வெளியேறவில்லை. எஞ்சிய பம்பிகள் காப்பாற்றின. அணுவிபத்துக்களை 7 படிகளாக வகுக்கும் சர்வதேச அளவுகோலில் இது 2ஆம் படியில் வைக்கப்பட்டது. எம்மை மிகவும் சிந்திக்க வைப்பது வேறொரு செய்தி. அணையை 5.7 மீற்றராக உயர்த்தவேண்டுமென்று 1998இலேயே அந்நிலையத்தின் சொந்தப் பாதுகாப்பு அறிக்கை சொல்லியிருந்தது. வேலை பிற்போடப்பட்டது. புயல் பிற்போடவில்லை.

அதன் பின்னரே பிரான்சிலுள்ள எல்லா அணுமின் நிலையங்களினதும் வெள்ளக் கணக்கைத் திரும்ப எடுத்துப் பார்த்தார்கள். 1984இல் எழுதிய விதி கடற்கரை நிலையங்களுக்குக் கடற்பெருக்கையும் புயல் ஏற்றத்தையுமே முதன்மையாகக் கருதியது. 2013இல் வந்த புதிய வழிகாட்டி, உள்ளூரிற் கொட்டும் மழை, காற்றெழுப்பும் அலை, நிலத்தடி நீரின் ஏற்றம், நிலையத்துக்குள்ளேயே ஒரு நீர்த்தொட்டி உடைதல் முதலியவற்றையும், அவை ஒன்றோடொன்று கூடி வருவதையும் ஆராயச் சொல்கிறது.

கூடி வருதல் என்பதிலே சற்று நிற்போம். கணிதம் படித்த வாலிபர்கள் நிகழ்தகவைப் பெருக்கிப் பழகியவர்கள். தாயக்கட்டை இரண்டை உருட்டினால் ஒன்று விழுவது மற்றதைப் பாதியாது, ஆகவே பெருக்கலாம். பெருங்காற்று வருவது நூற்றில் ஒன்று, கடல் ஏறுவது நூற்றில் ஒன்று, தெரு அடைபடுவது நூற்றில் ஒன்று, ஆகவே மூன்றும் ஒருமிக்க வருவது பத்து இலட்சத்தில் ஒன்று என்று ஒருவர் கடதாசியிற் பெருக்கிக் காட்டினால் கேட்பதற்கு மிக ஆறுதலாக இருக்கும். ஆனால் இவை தாயக்கட்டைகளல்ல. ஒரே தாயின் பிள்ளைகள். ஒரே புயலே காற்றையும் ஏற்றுகிறது, கடலையும் ஏற்றுகிறது, மரத்தையும் தெருவிற் சாய்க்கிறது, மின்கம்பியையும் அறுக்கிறது. ஒன்று வந்தால் மற்றவையும் வரும் என்றே எண்ணவேண்டும்.

இன்னொரு மயக்கமும் உண்டு. "நூறு ஆண்டுக்கு ஒரு முறை வரும் வெள்ளம்" என்று பத்திரிகையிற் படிக்கிறோம். போன ஆண்டு வந்துவிட்டதாயின் இனித் தொண்ணூற்றொன்பது ஆண்டுக்குக் கவலையில்லை என்று எண்ணுகிறோம். இது முற்றும் பிழை. அச்சொல்லின் பொருள், எந்த ஆண்டை எடுத்தாலும் அவ்வாண்டில் அது வருவதற்கு நூற்றில் ஒரு பங்கு இடமுண்டு என்பதே. போன ஆண்டு வந்ததை இந்த ஆண்டு அறியாது. ஒரு மின்சார நிலையம் 40 ஆண்டு நிற்கப் போகிறதென்று வைத்துக்கொள்வோம். ஓர் ஆண்டில் வெள்ளம் வாராமைக்கு இடம் 0.99. அதை 40 முறை தன்னாலேயே பெருக்கினால் ஏறத்தாழ 0.67 வரும். ஆகவே அந்த 40 ஆண்டுக்குள் ஒரு முறையாவது வெள்ளம் வருவதற்கு இடம் 0.33, அதாவது மூன்றில் ஒரு பங்கு. மூன்றில் ஒரு பங்கு கவிழக்கூடிய தோணியில் எந்தத் தாயாவது பிள்ளையை ஏற்றுவாளா? ஆயிரம் ஆண்டுக்கு ஒரு முறை வரும் வெள்ளத்துக்கு எதிராகக் கட்டினாலும், 40 ஆண்டில் நூற்றுக்கு 4 வீதம் எஞ்சுகிறது. ஐரோப்பாவிலே அணுமின் நிலையங்களுக்கு 10,000 ஆண்டுக்கு ஒரு முறை என்னும் அளவை வைத்திருப்பது இதனாலேதான். அது மிகையான பயமன்று.

ஆனால் பதினாயிரம் ஆண்டுக் காற்றை எந்தப் புத்தகத்திற் பார்ப்பது? காற்றின் வேகத்தைக் கருவிகொண்டு அளந்து எழுதியது பெரும்பாலான இடங்களில் ஒரு நூற்றாண்டுக்கு உட்பட்ட காலமே. ஒரு முழம் நூலைக்கொண்டு ஊரை அளக்கப் புறப்பட்டவன் நிலைதான் பொறியியலாளருக்கும். எழுதிவைத்த ஐம்பது அறுபது ஆண்டுக் கணக்கை எடுத்து, அதிலே மிகப் பெரியவற்றை வரிசைப்படுத்தி, ஒரு வளைகோடு வரைந்து, அக்கோட்டை இல்லாத இடத்துக்கு நீட்டிப் பார்க்கிறார்கள். முறை தவறானதன்று, ஆனால் நீட்ட நீட்டக் கோட்டின் நம்பகம் குறைகிறது. போதாக்குறைக்கு, நேற்றைய கணக்கு நாளைக்குப் பொருந்துமென்பதும் இப்பொழுது ஐயத்துக்கிடமாகிவிட்டது. 1901 முதல் 2018 வரையில் உலகத்தின் கடல்மட்டம் சராசரி 20 சதமமீற்றர் உயர்ந்திருக்கிறது. வளி ஒரு பாகை வெப்பமேறினால் நூற்றுக்கு 7 வீதம் வரையில் அதிக நீராவியைத் தாங்கும். தாங்கிய நீர் ஒரு நாள் மழையாய் இறங்கியேயாகும்.

கணக்கிருந்தும் கேளாதுபோன கதையொன்று சீனாவில் உண்டு. ஹெனான் மாகாணத்துப் பான்சியாவோ அணை, வெள்ளந் தடுக்கவும் மின்சாரம் எடுக்கவுமாகக் கட்டப்பட்டது. அங்கு நீர் திறந்துவிட 12 மதகுகள் வேண்டுமென்று சென் சிங் என்ற நீரியல் அறிஞர் கேட்டாரென்றும், 5 மட்டுமே வைக்கப்பட்டனவென்றும் வரலாறு சொல்கிறது. 1975 ஓகஸ்டில் நினா என்ற சூறாவளியின் எச்சம் அம்மலைகளின்மேல் வந்து நகராமல் நின்றது. ஓரிடத்தில் ஒரே நாளில் 1,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை. நமது யாழ்ப்பாணத்துக்கு ஓராண்டு முழுவதும் கிடைக்கும் மழை ஏறத்தாழ அவ்வளவுதான்! 8ஆந் திகதி அதிகாலை அணை உடைந்தது. கீழேயிருந்த அணைகள் பலவும் உடன் உடைந்தன. இறந்தோர் 26,000 என்பது ஒரு கணக்கு. பின்வந்த பசியையும் நோயையும் சேர்த்தெண்ணுவோர் அதனினும் பன்மடங்கு சொல்கிறார்கள்.

கட்டிடம் நின்றாற் போதும் என்ற எண்ணமும் முழுமையானதன்று. அமெரிக்காவின் புளோரிடாக் கரையில் டேர்க்கி பொயின்ற் என்னும் இடத்தில் 2 அணு உலைகளும் அவற்றின் பக்கத்திலே எண்ணெய் எரிக்கும் நிலையமும் இருந்தன. 1992ஆம் ஆண்டு ஓகஸ்ட் 24ஆந் திகதி ஆண்ட்ரூ என்ற சூறாவளி அந்நிலையத்தின் தலைக்கு நேரே கடந்து சென்றது. மணிக்கு 145 மைல் வேகக் காற்று. புயல் வருமுன்னரே உலைகளை நிறுத்திவிட்டார்கள், அது விவேகம். உலைகள் இருந்த தடித்த கட்டிடங்களுக்கு யாதொரு பழுதுமில்லை. ஆனால் உயரத் தூக்கி வைத்திருந்த ஒரு தண்ணீர்த்தொட்டி சரிந்து தீயணைப்புக் குழாய்களை நசுக்கியது. எண்ணெய் நிலையத்துப் புகைபோக்கி வெடித்துப் பின்னர் இடிக்கவேண்டியதாயிற்று. தொலைபேசி இல்லை, தெரு இல்லை, ஐந்து நாளுக்கு மேல் வெளியிலிருந்து மின்சாரமும் இல்லை.

நிறுத்திய உலைக்கு மின்சாரம் எதற்கு என்று கேட்கலாம். அடுப்பை அணைத்தபின்னும் தணல் சுடுகிறதன்றோ? அணு உலையின் தணல் பொல்லாதது. நிறுத்திய கணத்தில் அதன் முழு வெப்பத்தில் நூற்றுக்கு 6, 7 வீதம் இன்னும் பிறந்துகொண்டிருக்கும். அதைக் குளிர்விக்கப் பம்பி ஓடவேண்டும். டீசல் மின்பிறப்பாக்கிகள் அந்த ஐந்து நாளும் பிழையாது ஓடியமையால் டேர்க்கி பொயின்ற் தப்பியது. 2011இல் யப்பானின் புக்குசிமாவில் ஆழிப்பேரலை அந்தப் பிறப்பாக்கிகளையே மூழ்கடித்தபோது என்ன ஆயிற்று என்பது உலகறிந்தது. பேரலை வானிலையைச் சேர்ந்ததன்று; எனினும் பாடம் ஒன்றே.

மின்சார நிலையத்துக்கே மின்சாரம் வேண்டும் என்பது காற்றாலைக்கும் பொருந்தும். 2003 செப்டெம்பர் 11ஆந் திகதி யப்பானின் தெற்கேயுள்ள மியாக்கோ தீவை மேமி என்ற சூறாவளி தாக்கியது. தீவின் வானிலை நிலையம் செக்கனுக்கு 74 மீற்றர் வரையில் வீச்சுக்காற்றை அளந்தது. அங்கிருந்த காற்றாலைகளில் 3 அடியோடு சாய்ந்தன, ஏனையவையும் சேதமுற்றன. பெருங்காற்று வந்தால் காற்றாலை தன் அலகுகளை மடக்கி, முகத்தைக் காற்றுக்கு நேரே திருப்பிக்கொண்டு ஓய்ந்து நிற்கவேண்டும். முகந் திருப்பும் இயந்திரத்துக்கு மின்சாரம் வேண்டும். தீவிலோ மின்சாரம் முன்னரே அறுந்துவிட்டது. காற்று திசைமாற, திரும்பமாட்டாமல் நின்ற கோபுரங்கள் பக்கவாட்டில் அடிவாங்கின. காற்றின் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்துக்கேற்ப ஏறும்: செக்கனுக்கு 40 மீற்றரிலிருந்து 60 மீற்றராக வேகம் ஒன்றரை மடங்காயின், அழுத்தம் இரண்டேகால் மடங்காகும்.

(மின்சார வலையின் மெலிவைப் பற்றி நாம் பிறநாட்டைப் பார்த்து நகைக்க இடமில்லை. 2025 பெப்ரவரி 9ஆந் திகதி நாடு முழுவதும் இருண்டபோது, பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததே காரணம் என்று மின்சக்தி அமைச்சர் சொன்னார். அனுமார் அன்று வாலிலே நெருப்போடு வந்து இலங்கையை வெளிச்சமாக்கினார்; அவர் வழிவந்தவர் வெறும் வாலோடு வந்து இருட்டாக்கினார்!)

காற்றும் வெள்ளமும் மட்டுமே கடும் வானிலையல்ல. 1996இல் மழை பொய்த்து மலைநாட்டு நீர்த்தேக்கங்கள் வற்றியமையால் நாம் நீண்ட மின்வெட்டை அனுபவித்ததைப் பெரியோர்கள் மறந்திருக்கமாட்டார்கள். வெயில் நாடென்று பேர்பெற்ற ரெக்சாஸ் மாநிலத்திலே 2021 பெப்ரவரியில் உறைபனி வந்து, ஒரு சிறு குழாய்க்குள் நீர் உறைந்தமையாலே ஓர் அணு உலை நின்றது. இவற்றை இம்மட்டோடு விடுவோம். நம் வீட்டு வாசலுக்கு வரவேண்டும்.

மன்னார்த் தீவின் தென்கரையிலே 30 காற்றாலைகள் வரிசையாய் நிற்பதை நம்மிற் பலர் கண்டிருக்கிறோம். தம்பபவனி என்று பெயர், 103.5 மெகாவாற்று, 2020 டிசம்பரில் திறந்துவைக்கப்பட்டது. அவ்விடந் தெரிந்தது சரியே என்பதில் எமக்கு ஐயமில்லை. சோளகம் தடையின்றி வீசும் அத்தகைய வெளி இந்நாட்டில் அரிது. காற்றிலுள்ள ஆற்றல் வேகத்தின் கனத்துக்கேற்ப ஏறுவதால், சிறிது கூடிய காற்றும் பெரிது கூடிய மின்சாரமாகும். ஆனால் சோளகம் மட்டுமா அவ்வழி வருகிறது? வாடைக் காலத்திலே வங்காள விரிகுடாவிற் பிறக்கும் புயல்களுக்கும் அது வழி.

1964ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆந் திகதி வந்த புயலை இங்குள்ள முதியோர்களுக்கு நாம் சொல்லவேண்டியதில்லை. அது வட இலங்கையைக் குறுக்கறுத்துப் பாக்கு நீரிணைப் பக்கம் இறங்கி, அன்றிரவு தனுஷ்கோடியை ஊரென்ற பேரில்லாமல் அழித்தது. பாம்பனிலிருந்து சென்ற புகைவண்டி நூற்றுக்கு மேற்பட்ட பிரயாணிகளோடு கடல்கொண்டது. தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே ஏறத்தாழ 30 கிலோமீற்றர். புயலுக்கு அது ஒரு முற்றம். மன்னாரும் அன்று பட்டபாடு சொல்லுந்தரமன்று. 1978 நவம்பர் 23இல் மட்டக்களப்பைச் சூறாவளி தாக்கி ஏறத்தாழ 900 பேரைக் கொண்டுபோயிற்று. 2020 டிசம்பர் 2ஆந் திகதி இரவு புரெவி திருக்கோணமலைக்கு வடக்கே கரையேறி, தீவைக் கடந்து, மன்னார் வளைகுடாவில் இறங்கியது. தம்பபவனி திறந்துவைக்கப்பட்டதும் அதே மாதத்திலேதான்! புரெவி மெலிந்த புயல், பெருஞ்சேதமின்றிப் போயிற்று. ஆனால் அது நடந்த பாதை 1964இன் பாதையை ஒத்தது என்பதைக் கவனியுங்கள்.

காற்றாலைகளுக்குச் சர்வதேச விதியொன்றுண்டு. ஓரிடத்தில் 50 ஆண்டுக்கு ஒரு முறை வரக்கூடிய காற்றைக் கணித்து, அதைத் தாங்கும் வகுப்பைச் சேர்ந்த இயந்திரத்தை அங்கே நிறுத்தவேண்டும். முன்சொன்ன பெருக்கலை இங்கும் செய்து பார்ப்போம். காற்றாலையின் ஆயுள் 20 ஆண்டாயின், அதற்குள் ஐம்பதாண்டுக் காற்று ஒரு முறையாவது வருவதற்கு இடம் மூன்றில் ஒரு பங்கு. 25 ஆண்டாயின் நூற்றுக்கு 40 வீதம். வரத்தான் போகிறது என்று வைத்தே கட்டவேண்டும் என்பது இதன் பொருள். ஆகவே கேட்கவேண்டிய கேள்வி, அந்த ஐம்பதாண்டுக் காற்றை எக்கணக்கிலிருந்து எடுத்தார்கள் என்பது. இடந் தெரியும்போது கோபுரம் நாட்டி ஓரிரண்டு ஆண்டு காற்றை அளப்பது வழக்கம். மின்சாரம் எவ்வளவு கிடைக்கும் என்று அறிய அது போதும். புயல் எவ்வளவு அடிக்கும் என்று அறிய அது போதாது. அந்த ஓரிரண்டு ஆண்டிற் புயலே வந்திராது. 1964இன் புயல் கணக்கிற் சேர்ந்ததா என்று கேட்பது எவருக்கும் எதிரான பேச்சன்று. பொறியியலாளரே நம்மிடம் கேட்டிருக்கவேண்டிய கேள்வி.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. இதுவரை புயல் நிலையத்துக்கு என்ன செய்யும் என்று பேசினோம். நிலையம் புயல்நீருக்கு என்ன செய்யும்? 2025இல் மன்னார் மக்கள் புதிய காற்றாலைகளுக்கு எதிராகத் தெருவில் இறங்கிப் போராடினார்கள். அவர்கள் சொன்ன காரணங்களுள் ஒன்று வெள்ளம். மன்னார்த் தீவு தட்டையான மணற்றரை. மாரிநீர் மெல்லச் சரிந்து கடலுக்குப் போகும் வழிகள் கண்ணுக்குத் தெரியாத பள்ளங்களாகவே இருக்கின்றன. கோபுரங்களுக்குப் போடும் பாதையை இரண்டடி உயர்த்தினால் அது பாதையுமாம், அணையுமாம். பிளேயேயில் அணை குட்டையாய்ப் போனதாற் கேடு. இங்கே அணையென்று எவரும் பெயரிடாத ஒன்று அணையாவதாற் கேடு என்பது மக்களின் முறைப்பாடு. மக்கள் சொன்னதெல்லாம் விஞ்ஞானம் என்று நாம் சொல்லவரவில்லை. காற்றாலை மழையை விரட்டுகிறது என்பது போன்ற பேச்சுக்கு ஆதாரமில்லை. ஆனால் தண்ணீர் எவ்வழி ஓடும் என்பதில், ஐம்பது மாரி கண்ட மீனவனுடைய சொல்லைத் தள்ளிவிட்டு மூன்று மாதம் அளந்த வரைபடத்தை மட்டும் நம்புவது விஞ்ஞானமாகாது. எமது துணிபு, காற்றாலையும் வேண்டும், நீர்வழியும் வேண்டும்; முன்னதற்காகப் பின்னதை மறிப்பவர்களும், பின்னதற்காக முன்னதை வேண்டாமென்பவர்களும் பாதிக் கணக்கையே பார்த்திருக்கிறார்கள் என்பது.

இதிலே நமக்குச் சட்டத்தில் ஓரிடம் உண்டென்பதைப் பலர் அறியார். 1980ஆம் ஆண்டின் தேசிய சுற்றாடல் சட்டத்தில் 1988இற் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, பெரிய திட்டங்களுக்குச் சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை எழுதப்படவேண்டும். அதைப் பொதுமக்களின் பார்வைக்கு 30 வேலைநாட்கள் வைப்பார்கள். அந்த நாட்களுக்குள் எவரும் எழுத்திற் கருத்துச் சொல்லலாம். முப்பது நாள் கழிந்தபின் தெருவில் ஆயிரம் பேர் நிற்பதிலும், முப்பது நாளுக்குள் பத்துப் பேர் திருத்தமாக எழுதியனுப்புவது சில வேளைகளில் வலிமையுடையது. எழுதுவதாயின், "எங்களுக்கு வேண்டாம்" என்று எழுதினால் ஒரு வரியோடு முடிந்துவிடும். "எந்தப் புயலைக் கணக்கிற் கொண்டீர்கள்? அலையைச் சேர்த்தீர்களா? தெருவும் கம்பியும் ஒரே இரவில் அறுந்தால் என்ன ஏற்பாடு? பாதையின் கீழ் எத்தனை மதகு?" என்று எழுதினால் பதில் எழுதியே ஆகவேண்டும்.

அவ்வாறு எழுத நமது கையில் ஆதாரம் வேண்டும். அதன் பொருட்டுச் சங்கத்தின் வாலிபர் பகுதியார் ஒரு வேலையை எடுத்துக்கொள்ளலாம் என்று தலைவர் அவர்களின் அனுமதியோடு கேட்டுக்கொள்கிறோம். 1964இலே பத்து வயதுப் பிள்ளைகளாக இருந்தோருக்கு இன்று எழுபது கடந்துவிட்டது. அன்றிரவு நீர் எந்தக் கோயிற் படிவரை வந்தது, எந்தப் பனையடியில் தோணி ஒதுங்கியது, காற்று முதலில் எத்திசையிலிருந்து அடித்து எப்பொழுது திரும்பியது, எந்தத் தெரு எத்தனை நாள் அடைபட்டது என்பவற்றை அவர்கள் இன்னும் சொல்லக்கூடும். 1978ஐக் கண்டவர்கள் கிழக்கில் நிறைய இருக்கிறார்கள். வருகிற விடுமுறையில் இருவர் இருவராகப் போய், சொன்னவர் பெயர், ஊர், அன்று அவரின் வயது, நின்ற இடம் என்பவற்றோடு அவர் சொன்னதை அவர் வார்த்தையிலேயே எழுதவேண்டும். நீர் வந்த உயரத்தைச் சுவரிலோ மரத்திலோ காட்டச் சொல்லி, இன்றைய நிலத்திலிருந்து நாடாப் பிடித்து அளந்து குறிக்கவேண்டும். இருவர் சொல்வது முரண்பட்டால் இரண்டையும் எழுதுக. எது சரியென்று நாம் தீர்க்கவேண்டாம். எழுதிய கொப்பிகள் சங்க நூலகத்தில் இருக்கும். கேட்கும் எந்தப் பொறியியலாளருக்கும் பிரதி கொடுக்கலாம். மன்னாருக்கு ஐந்து சோடியும் மட்டக்களப்புக்கு ஐந்து சோடியும் போதுமென்று எண்ணுகிறோம். பெயர் கொடுக்க விரும்புவோர் கூட்டம் முடிந்ததும் செயலாளரைக் காணலாம். அளவு நாடா இல்லாதோருக்குச் சங்கம் கொடுக்கும்.